கடைசி வரிக்கு எதிரே ஒரு பொட்டு

1

நான் சீனாவுக்குப் போனதில்லை. அங்கிருந்த ஒரு மிஷனரி தேவாலய நூலகத்தின் வரலாறு எனக்குக் கிடைத்தது செங்கம் ரோட்டில். மனு ஒன்றை அடித்து வாங்கப் போன இடத்தில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் அருணாதேவி சொன்னது இது.

'பனி மூடிய மலையடிவாரத்தில் ஒரு சிலுவை...' (வேண்டாம். எனக்கு வெயில் மலைதான் தெரியும்.)

2

1998. அருணாதேவியின் மாடியில் லின் என்ற சீனப் பெரியவர் குடியிருந்தார். இந்த ஊர் ஆசிரமத்தைப் பார்க்க வந்தவர், தங்கிவிட்டார். மாலையில் அவர் சொல்லச் சொல்ல அருணாதேவி அந்த நூலக வரலாற்றைத் தட்டச்சு செய்வார்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் லின்னின் அப்பா. புத்தகங்களை எரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இரவல் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு ஒன்றாக. நோட்டில் பெயர்களும் எழுதிக்கொண்டார். காலம் மாறியபின் புத்தகங்கள் திரும்பி வந்தன. வர வர, பெயருக்கு எதிரே சிவப்பு மையில் பொட்டு வைத்தார். கடைசி வரிக்கு மட்டும் பொட்டு இல்லை. அது லின்னின் பெயர்.

(பொட்டு விஷயம் அருணாதேவிக்கு அப்போது தெரியாது. கெட்டிக்காரக் கதைசொல்லி உங்களிடமும் மறைத்திருப்பான்.)

அந்தக் கடைசி வரியைப் பற்றிய அதிகாரத்தைத்தான் லின் இரண்டு மாதமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டார்.

3

சரஸ்வதி பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்த அருணாதேவி, லின் கொண்டுவந்திருந்த அப்பாவின் நோட்டையும் படத்தின் முன் வைத்தார். அட்டையில் சிலுவை. அதன்மேல் பொட்டு வைக்க மனசு வரவில்லை. உள்ளே பிரித்தார். கடைசிப் பக்கத்தில், கடைசி வரிக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. குங்குமத்தை அங்கே வைத்தார்.

மாலையில் லின் இறங்கி வந்தார்.

"நோட்டைக் குடுங்கம்மா. கடைசி அதிகாரத்தை இன்னிக்கிச் சொல்லிடறேன்."

"இன்னிக்கிப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது சார். காலைல எடுத்துத் தர்றேங்க."

"காலைல தைரியம் இருக்குமானு தெரியலம்மா."

(லின் பேசியது ஆங்கிலம். இந்த ஊர்த் தமிழை அவர் வாயில் வைத்தது நான்.)

4

காலையில் நோட்டைப் பிரித்த லின் கடைசி வரிக்கு எதிரே குங்குமப் பொட்டைப் பார்த்தார். அவர் கண்களில்... (அடித்துவிட்டேன். அது சுலபம்.)

பிறகு பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். "என் புத்தகம் வராதும்மா. பயந்துபோயி நானே அடுப்புல போட்டுட்டேன். அப்பா சாகற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல."

"தெரியாம வெச்சிட்டேன் சார். துடைச்சிடட்டுங்களா?" என்று அருணாதேவி ஈரத்துணியை எடுத்தார்.

முடிவு ஒன்று: லின் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். முடிவு இரண்டு: தானே துடைத்தார், பொய்க்கணக்கு வேண்டாமென்று. மூன்றாவதை எழுதிக் கிழித்துவிட்டேன்.

5

"அப்புறம்?" என்று கேட்டேன். அருணாதேவி பீரோவிலிருந்து நோட்டை எடுத்து வந்தார்.

"ஊருக்குப் போறப்ப எங்கிட்டயே குடுத்துட்டுப் போனாரு. பாக்கறீங்களா?"

பார்க்கவில்லை. கேட்காமலே இருந்த அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நானும் மேற்கொண்டு கேட்காமல் வந்துவிட்டேன்.

நோட்டு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போய்ப் பிரிக்கலாம். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது மட்டும், லின்னின் அப்பாவாக இருந்து பாருங்கள்.