லாம்ப்ரோஸின் கிளாரினெட்

கிரேக்க நாட்டில் எங்கள் யானினா ஊரில், ஏரிக்கு இறங்கும் சந்தில் தீமியோஸ் கடை வைத்திருந்தார். பழைய கிளாரினெட்டை விற்க வந்தாலும் வாங்க வந்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவார்கள். என்ன மரம், எங்கே விரிசல், என்ன பெறும் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு குளிர்காலத்தில் மலைமேலிருந்து எவந்தியா வந்தாள், கூடவே அவள் கொழுந்தன் கோஸ்மாஸ். புருஷன் லாம்ப்ரோஸ் கல்யாணங்களில் வாசித்தவன். ஜெர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

"அண்ணன் இனி வரப்போறதில்ல. அங்க ஒருத்தியோட இருக்கானாம். இந்தக் கிளாரினெட் எதுக்கு வீட்டுல தூங்கணும்? பிரெஞ்சுக்காரன் செஞ்ச கருமரம்னு பீத்திக்குவான். பார்த்து விலை சொல்லுங்க" என்றான் கோஸ்மாஸ். சொல்லிவிட்டு எதிர்க் காபிக்கடைக்குச் சீட்டாடப் போய்விட்டான்.

தீமியோஸ் வாத்தியத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார். நல்ல கனம். மூட்டில் சுற்றியிருந்த தக்கையைச் சுரண்டி, சாயம் ஏற முடியாத இடத்தைப் பார்த்தார். கருப்புக்கு அடியில் ஊதா ஓடிய நெருக்கமான ரேகை. அசல் ஆப்பிரிக்கக் கருமரம். துளைகளை மூடும் சாவிகள் வெள்ளி. மயிரிழை விரிசல்கூட இல்லை.

அதுதான் அவருக்கு உதைத்தது. ஊதாமல் கிடந்த மரம் உள்ளே வறண்டிருக்க வேண்டும். இதன் துளையில் ஈரம் இருந்தது. சீவாளியில் எச்சில் கறை புதுசு.

"யாரும்மா இதை ஊதறது? கோஸ்மாஸா?"

"அவனா? அவனுக்கு விசிலடிக்கவே வராது." அவள் முகம் சிவந்தது. "நான்தான் அண்ணே. ஆட்டுக் கொட்டகையில வச்சு. அவர் வாசிச்சதெல்லாம் காதுலயே இருக்கு, விரலால தேடித் தேடிப் புடிச்சேன். ஊதறப்ப பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். மூச்சு தீர்ந்ததும் போயிடுவார்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒப்பாரி பாடுவார்கள், கிளாரினெட்டைத் தொட்டதில்லை.

"வாசி, கேக்கலாம்."

"தெருவுக்குக் கேக்குமே அண்ணே."

"சீட்டு கையில இருந்தா உன் கொழுந்தனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

வாசித்தாள். விரல்கள் தடுமாறின. ஆனால் சுரம் மேலிருந்து வழுக்கிக் கீழே வந்து, விழ மனசில்லாமல் தொங்கியது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போன தங்கையை நினைத்துக்கொண்டார் தீமியோஸ். கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

"நல்ல விலை போகுமா அண்ணே?"

"போகும். இந்த ஊர்ல இதுக்கு ஜோடி இல்ல."

அவள் வாத்தியத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

கோஸ்மாஸ் திரும்பி வந்தான். "என்ன மரம்?"

"பேரிக்கா மரம்ப்பா. கருப்புச் சாயம் ஏத்தியிருக்கு. அடுப்புக்கு ஆகும்."

"இந்தக் கனம் கனக்குதே!"

"வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்சிருக்குல்ல."

"பொய்லயே பொழைச்சவன் எங்கண்ணன்!" என்று காறித் துப்பிவிட்டு அவன் முன்னால் நடந்தான். எவந்தியா கிளாரினெட்டைக் கோட்டுக்குள் சொருகினாள். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

யாரும் எதிர்பார்க்காதபடி லாம்ப்ரோஸ் ஒருநாள் ஊர் திரும்பினான், தனியாக. தொழிற்சாலைப் புகை நுரையீரலைத் தின்றிருந்தது. ஊதினால் இருமல்தான் வந்தது. வசந்தத்தில் தீமியோஸின் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"அவ வாசிக்கிறா அண்ணே, தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கே அப்படி வந்ததில்ல. நான் உள்ள போனா நிறுத்திடறா. கோவமில்ல, சோறு போடறா, சிரிச்சுப் பேசறா. ஆனா நான்தான் வந்துட்டேனே அண்ணே. இன்னும் யாரை நினைச்சு அப்படி ஊதறா?"

"ஜெர்மனிக்குப் போனானே லாம்ப்ரோஸ், அவனை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சட்டென்று எழுந்து மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினான். பால் கறந்த பிறகுதான் அவள் வாசிப்பாளாம். அதற்குள் போய்க் கொட்டகைக்கு வெளியே உட்கார வேண்டுமாம்.