அஸாரின் கையெழுத்து

பூதலூர் துரைராசுவுக்குக் கட்சியில் கிளைச் செயலாளருக்கு மேல் ஒரு படி ஏறக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் உறுப்பினர் சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஒன்றியத்திலேயே ஆள் கிடையாது. படிவக் கட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தால் ஒரே பொழுதில் தெரு முழுக்க உறுப்பினராகிவிடும். தெருவுக்குத்தான் அது தெரியாது. பெயரை அவர் எழுதுவார், கையெழுத்தையும் அவரே போடுவார், ஆளுக்கொரு மாதிரி சாய்த்து. செத்துப்போன ரெத்தினத்தின் பெயரில்கூட இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த உறுப்பினர் அட்டையை வைத்துக்கொண்டு நம் ஊரில் யாராவது தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்ன? அதெல்லாம் மேலே பார்த்துக்கொள்வார்கள்.

கனடாவில் அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இந்த வீட்டைப் பிடித்த சனி அதுதான்.

மகன் ராஜ்குமார் அங்கே ஒரு மாகாணத்தில் படித்து முடித்து, ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆருக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். போன வருடம் அந்த மாகாணத்துக் கட்சி ஒன்றில் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மாகாணத்தில் குடியிருந்தால் போதும். உணவக முதலாளி ஒரு வேட்பாளருக்கு வேண்டியவர். ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்து, ஆள் சேர்த்து வா என்றார். ராஜ்குமார் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"இதுக்கு எதுக்குடா வீடு வீடா அலையுற? கூட இருக்குற பசங்க பேரையெல்லாம் நீயே எழுதி, கையெழுத்தையும் நீயே போட்டு வுட்டுடு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் துரைராசு, தொழில் தெரிந்த பெருமையோடு.

அவர் மனைவி ஆனந்தவல்லி அப்போது பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வேட்பாளர் நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானார். தோற்றவர் சும்மா இருப்பாரா? எல்லாம் கள்ளப் படிவம் என்று போகிற இடமெல்லாம் பேசினார். கட்சி இரண்டாகக் கிழிந்தது. ஏழு மாதம் கழித்து வந்த மாகாணத் தேர்தலில், ஆட்சியைப் பிடித்துவிடும் என்று எல்லோரும் சொன்ன கட்சி எட்டே தொகுதியோடு மூலையில் உட்கார்ந்தது. ஜெயித்து வந்த அரசு முதல் வேலையாக விசாரணை வைத்தது. படிவத்தில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது உன் கையெழுத்துதானா என்று கேட்கிறார்களாம்.

மூன்று வாரமாக ஆனந்தவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மகனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, ஜெயிலில் போடுவார்களோ, இனி எந்த நாட்டுக்கும் போக முடியாதபடி செய்துவிடுவார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. களத்தில் குறுவை நெல் மூடாமல் கிடந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தும் ஏன் மூடவில்லை என்று வீட்டில் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.

துரைராசு ஒரு வழி சொல்லியிருந்தார். பெயர் எழுதப்பட்ட எல்லோரும் 'என் கையெழுத்துதான்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ராஜ்குமார் காலில் விழாத குறையாகக் கேட்டதில் மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அறைத்தோழன் அஸாரிடம் மட்டும் அவன் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் கேட்க வாய் வரவில்லை என்றான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அஸாரின் தாய் ஷம்சாத் நாகூரிலிருந்து ரயிலேறி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, நீங்க கட்சிக்காரங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்," என்றாள், உட்காருவதற்கு முன்பே. "அங்க விடிஞ்சதும் எம்புள்ளைய விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்தப் படிவத்தத் தொட்டதே இல்லங்கிறான். இல்லன்னு சொன்னா தோண்டித் துருவுவாங்க. ஆமான்னா பொய்யாயிடும். எதச் சொன்னா எம்புள்ள தப்பிப்பான்?"

துரைராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் போட்டேன், மறந்துட்டேன்னு சொல்லச் சொல்லுங்கம்மா. அதோட முடிஞ்சுரும்."

"கையெழுத்த ஒத்துப் பாத்தாங்கன்னா?"

"அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

காப்பி டம்ளரைக் கொடுக்க மறந்து ஆனந்தவல்லி நின்றாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் மகன் பிழைத்துக்கொள்வான். ஒத்துப் பார்த்துவிட்டால் பொய் சொன்னவன் அஸார் என்றாகும். அவனைத்தான் பெட்டி கட்டச் சொல்வார்கள். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு சாமியும் வாயைத் திறக்கவில்லை.

"அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும் அண்ணே," என்று ஷம்சாத் அங்கேயே மகனுக்குப் போன் போட்டாள். அங்கே முந்தின நாள் இரவு. "அஸாரு, ராஜ்குமாரு அப்பா சொல்றாங்க..."

ஆனந்தவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"அஸாரு, அது ராஜ்குமாரு போட்ட கையெழுத்துப்பா. இவங்கதான் போடச் சொன்னாங்க. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏய்!" என்றார் துரைராசு.

"தெரியும்மா," என்றான் அஸார். "நோட்டீஸோட அந்தப் படிவத்து நகலையும் அனுப்பியிருந்தாங்க. நாலு வருசம் அவன் நோட்டப் பாத்துப் படிச்சவன், எனக்கு அவன் எழுத்து தெரியாதா? அவனா வந்து சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரே ரூம்ல படுக்குறோம், மொகத்தப் பாக்க மாட்டேங்கிறான்."

ஷம்சாத் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தாள். "உங்க புள்ளைக்கு எம்புள்ளையவா பலி குடுக்கப் பாத்தீங்க?" என்று துரைராசுவைக் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல், தூறலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். கூப்பிடுகிற தைரியம் ஆனந்தவல்லிக்கு வரவில்லை.

உடனே மகனைப் போனில் பிடித்தாள். உணவகத்தில் வேலையில் இருந்தவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அஸாருக்கு எல்லாம் தெரியும்டா. இப்பவே போயி அவன்கிட்ட ஒன் வாயால சொல்லு. காலையில அவன்கூடவே போயி அங்கயும் உள்ளதச் சொல்லிடு."

மகனுக்கு இருபத்தாறு வயது. "அப்பா என்னம்மா சொல்றாங்க?" என்றான்.

அவள் கணவரிடம் போனை நீட்டினாள். துரைராசு அதைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை. முழங்காலைக் கட்டியிருந்த கைகளைப் பிரிக்கவே இல்லை.

"அப்பாவுக்குப் பயமா இருக்குடா," என்றாள் ஆனந்தவல்லி. "எனக்கும்தான். நீ போயிச் சொல்லு."