நம்பிராஜனின் இருநூற்று எண்பது வாடிக்கையாளர்கள்

ஐந்தருவிக்குப் போகும் பாதையில் எண்ணெய் தேய்க்கும் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. சாரலில் குடைகூட இல்லாமல் நின்றபடி, குமரகுரு எண்ணெய் தேய்த்துவிடும் நம்பிராஜனுக்கு மூன்றாவது தடவையாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, பணம் போட வார அந்தம்மா கேட்டா, ஆப் வழியா போன மாசம் இருநூத்தி எம்பது பேரு வந்தாகன்னு சொல்லணும். மாத்திச் சொல்லிராதிய.”

“ஒம்பது பேருதான தம்பி வந்தாக?”

“கம்பெனி நிக்கணும்லா. இன்னைக்கு அவுக சரின்னுட்டா ஒண்ணரைக் கோடி.”

நம்பிராஜன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்ற நினைப்புதான் அவருக்கு.

குமரகுரு ஆய்க்குடிக்காரன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, குற்றாலத்துக்கு வருகிறவர்கள் செல்போனிலேயே எண்ணெய்க் குளியலுக்கு நேரம் குறித்துக்கொள்ள ஓர் ஆப் தொடங்கியிருந்தான். யோசனை நல்ல யோசனைதான், புத்திதான் கோணல். ஆப்பில் சேர்ந்திருந்த தொழிலாளர்கள் முப்பத்தெட்டு பேர். முதலீட்டாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் நானூறு பேர். வயல் மதிப்பைக் கூட்டிக் காட்டி அப்பா வங்கியில் கடன் வாங்கியதைப் பார்த்து வளர்ந்தவன், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான்.

பதினொரு மணிக்கு ஸ்ரீவித்யா காரிலிருந்து இறங்கினாள். புதுத் தொழில்களில் பணம் போடும் சென்னை நிறுவனம் ஒன்றில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவள். பலகை ஓரத்தில் உட்கார்ந்து நம்பிராஜனிடம் சகஜமாகப் பேசினாள். அவரும் பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்.

“அந்த ஆப்பை உங்க போன்ல காட்டுங்க, பார்ப்போம்.”

நம்பிராஜன் மடியிலிருந்து எடுத்தது பட்டன் போன். வந்த ஒன்பது பேரையும் குமரகுருவே கூப்பிட்டுச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஸ்ரீவித்யா போனைப் பார்த்தாள், பிறகு குமரகுருவைப் பார்த்தாள்.

“தம்பிக்கு ஒண்ணும் தெரியாதும்மா,” என்றார் நம்பிராஜன் அவசரமாக. “ஆளுக்கு அம்பது ரூவா கம்பெனில தாராகன்னு நான்தான் எம் மவ போன்ல பொய்யாப் பேரு போட்டுட்டேன்.”

பக்கத்துப் பலகைக்காரர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நம்பிராஜன் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை.

கார் வரைக்கும் குமரகுரு கூடவே போனான்.

“எல்லா கம்பெனிலயும் இப்படி ஏமாத்துறவங்க இருப்பாங்க. அவரை நீக்கிடுங்க. பட்டியலைச் சரி பண்ணி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுடலாம்,” என்றாள் ஸ்ரீவித்யா.

“சரிங்க மேடம்,” என்றான் குமரகுரு. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த ‘சரி’.

அவன் திரும்பி வந்தபோது அச்சன்புதூர் நாகராஜன் அடுத்த பலகைக்கு மாறி உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷமாக நம்பிராஜன் கையைத் தவிர வேறு கைக்கு முதுகைக் கொடுக்காதவர். “பொய்க்கணக்கு போடுத ஆளுன்னு தெரியாமப் போச்சே,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நம்பிராஜன் அதைக் காதில் வாங்காதவர்போலக் கேட்டார். “சரின்னுட்டாகளா தம்பி?”

தன் கையாலேயே அந்த மனிதரைச் சந்தியில் நிறுத்திவிட்டு, அவர் பெயரை விற்றுப் பணம் வாங்கப் போகிறோம் என்பது அப்போதுதான் குமரகுருவுக்கு உறைத்தது. அங்கேயே நின்று ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

ஸ்ரீவித்யா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினாள்.

“ஆரம்பத்துல முப்பத்தெட்டு பேர்ங்கறது நல்ல எண்ணிக்கைதான், குமரகுரு. அதுக்கே நான் பணம் குடுத்திருப்பேன். நாங்க வட்டிக்குக் குடுக்கறவங்க இல்ல. பங்கு வாங்கிக்கறோம். பத்து கம்பெனில ஏழு மூழ்கிடும். அந்தப் பணத்தை யார்கிட்டயும் திருப்பிக் கேக்கறதில்ல. நிலம், நகைன்னு எதையும் அடமானம் வாங்கறதும் இல்ல. உங்க வார்த்தையை நம்பித்தான் இறங்கறோம். அதுவே பொய்னா நாங்க எதைப் பிடிச்சுக்கறது? இனி இந்த முதலீடு நடக்காதுங்க.”

போனை வைத்துவிட்டு அவன் நேராக நாகராஜன் முன்னால் போய் நின்றான். வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நம்பி அண்ணாச்சி எந்தக் கணக்கும் போடல. பொய்யி என்னோடது. என்னையக் காப்பாத்தப் பழியத் தலைல தூக்கி வச்சுக்கிட்டாக. நானும் பேசாம நின்னேன்.” அவன் நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தான். “தொழில் பண்ணித் தோத்தா அதுல ஒரு வெக்கமும் இல்ல, சார். தோக்கப் போறமோன்னு பயந்து பொய் சொல்லுததும், அந்தப் பொய்யச் சொல்லுததுக்கு இன்னொருத்தர் வாய இரவல் வாங்குததும்தான் வெக்கம். நான் ரெண்டையும் செஞ்சிட்டேன்.”