அமைச்சரை வெட்டினால்

என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கத்தைச் சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாநிலப் பட்டம் இரண்டு முறை வாங்கியவர். பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. 1967-ல் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டு மாஸ்டர் ஒருவர் முப்பது பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். இருபத்தொன்பது பேர் தோற்றுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளைக்காரரே குனிந்து இவர் கையைக் குலுக்கினாராம். இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ரேஷன் கடையில் சீனி வாங்கி வரச் சொன்னால் மட்டும் மறந்துபோகும்.

அவருடைய அண்ணனுக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. இவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் இந்நேரம் சொந்த வீடு கட்டியிருக்கலாம். சாயங்காலம் கடையில் நின்றால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று சொல்லி ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. அதில் உருப்படியான மேஜை ஒன்றுதான், அதன் மேல் எப்போதும் பலகை. பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த மேஜையில் நான் ஒரு தட்டு வைத்ததில்லை. பிள்ளைகள் இல்லை. இந்த மனுஷர் என்னை நிமிர்ந்து பார்த்ததே அபூர்வம் என்று எனக்கு வயிற்றெரிச்சல் நிறைய இருந்தது, அதை மறைக்கவும் மாட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று. ஒரு ரஷ்யாக்காரர் உலகப் பட்டத்தோடேயே போர்ச்சுக்கல்லில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாகச் செத்தாராம், பக்கத்தில் சதுரங்கப் பலகை இருந்ததாம். இன்னொருவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கையில் காசில்லாமல் போனாராம். 1914-ல் ஜெர்மனியில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே யுத்தம் வந்து, ரஷ்யாவிலிருந்து ஆட வந்தவர்களைப் பிடித்து அடைத்துவிட்டார்களாம். அவர்கள் பலகை இல்லாமல் வாயால் சொல்லிச் சொல்லியே ஆடினார்களாம். இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் பொறாமை தெரியும். 

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தனாவது பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாச் செத்தானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

 "இருப்பான். அவன் கதைய யாரு எழுதுதா?" என்றார்.

நேரில் ஆடுவது போதாதென்று தபாலிலும் ஆடுவார். ஒரு கார்டில் இவர் ஒரு காயை நகர்த்தி எழுதுவார். பத்து நாள் கழித்து அவர்கள் ஒரு காயை நகர்த்தி எழுதுவார்கள். ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை வருஷம் ஆகும். மற்றவர்களோடு எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக எழுதுவார், பார்த்தால் பால் கணக்கு மாதிரி இருக்கும், யாருக்கும் ஒன்றும் புரியாது. திருச்சியில் இருந்த நெடுஞ்செழியன் மட்டும் வேறு மாதிரி. அவர் பள்ளிக்கூட வாத்தியார், கட்சிக்காரர், மேடையில் பேசுகிறவர். தமிழில் எழுதினால்தான் ஆடுவேன் என்று முதல் கார்டிலேயே சொல்லிவிட்டார். ராணி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம் ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவர் அமைச்சர் என்று ஒரு கார்டு முழுக்கப் பாடம் நடத்தினார். இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அமைச்சர், யானை, குதிரை, ஆள் என்று கார்டுகள் போய்வந்துகொண்டிருந்தன.

எழுபத்தைந்தில் எமர்ஜென்சி வந்தபோது எங்கள் தெருவில் ஒன்றும் மாறவில்லை. மறு வருஷம் ஜனவரி கடைசியில் இங்கே மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்கள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். காலையில் கடைத்தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் பக்கத்தில் போனால் காய்கறி விலைக்கு மாறிவிடுவார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் தபால்காரர் துரைராஜ் வந்தார். எப்போதும் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர். அன்றைக்குப் படி ஏறவில்லை.

"சாருக்கு கார்டு கீதும்மா," என்றார். "மேல சிவப்புல கோடு போட்டுகீறாங்க. நான் போடலம்மா, வரசொல்லோவே அப்படித்தான் கீது."

நெடுஞ்செழியன் கார்டுதான். தேதியைப் பார்த்தால் எழுதிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. "நீங்கள் அமைச்சரை வெட்டினால் என் குதிரை உள்ளே நுழையும். வெட்டாவிட்டால் யானை வரும்" என்று எழுதியிருந்தார். 'அமைச்சரை வெட்டினால்' என்பதற்கு அடியில் சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு. 'உள்ளே நுழையும்' என்பதற்கு அடியில் இன்னொன்று.

 இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கோடு போட்டிருக்கான் பாரு," என்றார். "வெட்டக் கூடாதுன்னு எச்சரிக்கானா, இல்ல வெட்டட்டும்னு ஆசை காட்டுதானா? இவன் இதுவரைக்கும் கோடு போட்டதே இல்லையே."

"அவரு போட்ட கோடு இல்லங்க அது."

"பின்ன யாரு போடுவா?"

மூன்று நாள் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான்காம் நாள் திருச்சியிலிருந்து ஒரு உள்நாட்டுக் கடிதம் வந்தது. வேறு கையெழுத்து. நெடுஞ்செழியனின் மனைவி எழுதியிருந்தார். அவரை இரண்டாம் தேதி வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, வீட்டில் இருந்த கடிதங்களை எல்லாம் ஒரு துணியில் கட்டி எடுத்துப்போய்விட்டார்கள், தயவுசெய்து இனிமேல் எழுதாதீர்கள் என்று நாலே வரி. அந்த வாரம் முழுக்க எதிரே சைக்கிள் கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சைக்கிள் இல்லை. ஆபீஸிலும் யாரோ வந்து இவர் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார் என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருந்தும் அந்த வாரமே ஒருநாள் காலையில் ஒரு கார்டை எழுதி என்னிடம் நீட்டினார். தபாலில் போடுவது எப்போதும் என் வேலை.

"அமைச்சரை வெட்டிவிட்டேன். குதிரை வரட்டும், ஆள் தயாராக நிற்கிறான். இன்னும் மூன்றில் அரசன் கதை முடியும்."

"இதையா போடச் சொல்லுதீங்க? எவனாவது படிச்சா என்ன நினைப்பான்?"

"சதுரங்கம் தெரிஞ்சவனுக்குப் புரியும்."

"தெரியாதவன் படிச்சா?"

"தெரியாதவன் எதுக்குப் படிக்கான்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் எங்கே இருந்தாலும் மனசுக்குள்ள இந்த ஆட்டத்தத்தான் ஆடிக்கிட்டிருப்பான் தேவானை. வெளியே வந்ததும் முதல்ல இந்தக் கார்டைத்தான் தேடுவான். இருபது நாளுக்குள்ள நான் பதில் போடலேன்னா போட்டி நடத்துதவங்க நான் தோத்ததாச் சொல்லிருவாங்க. அப்படி ஜெயிக்க அவனும் விரும்பமாட்டான்."

அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனதும் கார்டை ஸ்டவ்வில் காட்டிக் கொளுத்தினேன். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இவரைத் தெரியும். பதில் வரவில்லையே என்று இன்னொரு கார்டு எழுதுவார், அதற்கப்புறம் இன்னொன்று. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவரே போய்ப் போட்டுவிட்டு வருவார். அதற்கு முந்தியே இந்த ஆட்டம் முடிந்துவிட்டது, இவர்களுக்குள் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அந்தச் சிவப்புப் பென்சில்காரனுக்குத் தெரிய வேண்டும். அவன் படிக்கட்டும், படித்துவிட்டு எங்களை விட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியும். இவரிடம் தோற்றவர்கள் அனுப்பிய கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். சிலர் 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள். சிலர் வெறுமனே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும் போலிருக்கிறது. இவர் மட்டும் அப்படி யாருக்கும் எழுதியதில்லை. கடைசிக் காய் விழும்வரை ஆடுவார். நான் பேனாவை எடுத்து எழுதினேன்.

"நண்பருக்கு, ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்னுடையதுதான். இனி இதைத் தொடர வேண்டாம். சுயம்புலிங்கம்."

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு புத்திசாலித்தனமாக நான் எதையும் செய்ததில்லை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், இவர் ஆபீஸுக்குப் புறப்படும் நேரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மரியாதையாகப் பேசினார். எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்றார். கூட வந்தவன் கதவை ஒட்டி நின்றுகொண்டான். மூத்தவர் பையிலிருந்து கார்டுகளை எடுத்துச் சதுரங்க மேஜையின் மேலேயே வரிசையாகப் பரப்பினார். ஒன்றரை வருஷத்துக் கார்டுகள். பாதியில் சிவப்புக் கோடு.

"எந்த அமைச்சர் சார்?" என்று கேட்டார்.

இவர் பலகையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். இது அமைச்சர், இது யானை, இந்த ஆள் இங்கே நிற்கிறான் என்று, மாணவனுக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கடைசிக் கார்டைத் தனியாக எடுத்து நடுவில் வைத்தார்.

"விளையாட்டுத்தான்னா சரி. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஆள் உள்ளே போன பதினஞ்சாம் நாள் நீங்களா ஒரு கார்டு போடறீங்க. ஒப்புக்கொள்கிறேன், தப்பு என்னுடையது, இனித் தொடர வேண்டாம். எதை ஒப்புக்கறீங்க? எதைத் தொடர வேண்டாம்?"

இவர் குனிந்து அந்தக் கார்டைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.  பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை.

"நான் எழுதினதுதான்," என்றார்.

"மத்த கார்டெல்லாம் எழுத்து சாய்ஞ்சிருக்கு. இதுல நேரா, குண்டு குண்டா இருக்கு. வேற யாரோ எழுதின மாதிரி தெரியுது. அந்த ஆளையும் நாங்க பாக்கணும்."

"நான்தான்யா எழுதினேன்," என்றேன். "சத்தியமா நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

கதவோரம் நின்றவன் கொட்டாவி விட்டான். "எல்லா வூட்லயும் இதாம்மா சொல்றாங்க," என்றான்.

"எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்," என்றார் இவர், என் பேச்சு காதில் விழாத மாதிரி. "படுத்துக்கிட்டே எழுதினேன், அதான் எழுத்து மாறிப்போச்சு."

"எழுதிக் காட்டுங்க."

ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்கள். இவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். நேரான, குண்டான எழுத்து. நான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டேன், சின்ன வட்டம் போடுவேன். ஒவ்வொரு மெய்க்கும் வட்டம் போட்டிருந்தார். என் 'ற' முடிகிற இடத்தில் வால் கீழே இறங்கி ஒரு சுழி சுழிக்கும். அந்தச் சுழியும் இருந்தது. பதினோரு வருஷமாக வாராவாரம் நான் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர், சீனியை மறந்தாரே தவிர அந்த எழுத்தை மறக்கவில்லை. என்னை இவர் இவ்வளவு பார்த்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

மூத்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. சட்டை மாட்டிக்கிட்டு வாங்க," என்றார்.

கொடியில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு இவர் சமையல்கட்டுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். பொத்தானை நான் போட்டுவிட்டேன்.

"தோல்வியைன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா போதும் தேவானை," என்றார் மெதுவாக. "விட்டுட்டுப் போயிருப்பாங்க. அந்த வார்த்தைய ஏன் விட்ட?"

"உங்க பேருக்கு மேல அத எழுத எனக்கு மனசு வரலைங்க," என்றேன்.

அவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு படி இறங்கினார்.