நீலப் புகை

ஏரல் குமரகுருபரன் அண்ணாச்சியின் டர்போ டீசல் கார் என் பட்டறைக்குள் நுழையும்போதே நீலமாகப் புகை விட்டது. கறுப்பென்றால் டீசல் கோளாறு. நீலமென்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைக் கழற்றினேன். உள்ளே ஆயில் கரியாகி இறுகிப்போயிருந்தது.

"பேய் வேகத்துல வந்து, சூடு ஆறுமுன்ன இன்ஜின நிறுத்தியிருக்கு, அதான் ஆயில் கரிஞ்சிருக்கு. புகை எப்ப இருந்து வருது அண்ணாச்சி?"

"கோமுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னையில இருந்து."

அவர் மனைவி கோமு மதினி ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துவிட்டாள். டிரைவர் எபி மெதுவாக ஓட்டித்தான் அவளைக் கொன்றான் என்று, பதினாறாம் நாள் அத்தனை பேர் முன்னாலும் அவனை அடித்துத் துரத்தியவர் இவர்.

"எபி மெதுவா ஓட்டல. இதுக்கு மேல வேகமா இந்த வண்டி ஓடாது." கரி பிடித்த டர்போவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"விடியக்காலமே நெஞ்சு வலிக்குன்னா. வாயுதான், படுன்னு சொல்லிட்டேன். ஒம்போது மணிக்குத்தான் எபியக் கூப்பிட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய சொல்லாதீரும். அவன் மெதுவா ஓட்டுனதாவே இருக்கட்டும் வே."

டர்போவை அவர் காலடியில் போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன்.