கானமயிலுக்குப் பயம் கற்றுக்கொடுத்தவர்

நூலுக்குக் கட்டுப்பாடு வந்து தறிகள் பாதி நாள் தூங்கிய யுத்த காலத்தில், அருப்புக்கோட்டை நெசவாளர் சௌடப்பன் தேவையில்லாத ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். திருச்சுழிப் பக்கம் சேலை விற்கப் போனவர், தரிசில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த கானமயில் குஞ்சைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கானமயில் என்றால் தோகை மயில் இல்லை, தரிசில் மேயும் பெரிய பறவை; அந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. தாயைச் சுட்டவர் ஐயாத்துரை, துப்பாக்கி லைசென்ஸும் அடங்காத பசியும் ஒருசேர வாய்த்த பஞ்சு வியாபாரி.

பூச்சியைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சௌடப்பன் விடிந்ததும் வெட்டுக்கிளி பிடிக்கக் கிளம்பினார். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டுமே.

தப்பு நடந்தது தறிக்குப் பாவு போடும்போதுதான். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். குஞ்சும் அவர் குதிகாலை ஒட்டி நடந்தது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது. சௌடப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இடுப்புயரம் வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. பறக்கத் தெரியும், ஆனால் மனுஷன் நடந்தால் பின்னால் நடப்பதே அதற்குப் பிடித்திருந்தது.

ஊருக்கு வெளியே இருந்த தரிசில் கொண்டுபோய் விட்டார். இரண்டு மைலும் அவர் பின்னாலேயே திரும்பி வந்தது. வழியில் எதிர்ப்பட்ட ஐயாத்துரை வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“இதுக்கு எதுக்கு சௌடப்பா தோட்டா? நான் முன்னால நடந்தாப் போதும், சட்டி வரைக்கும் கூடவே வந்துரும்ல.”

மனுஷனுக்குப் பயப்படாத கானமயில் வெளியே ஒரு வாரம் தாங்காது. அன்றிலிருந்து சௌடப்பன் அதை மிரட்ட ஆரம்பித்தார். கண்ணை உருட்டினார், டின்னைத் தட்டினார், ஊளைகூட இட்டுப் பார்த்தார். அதுவோ தீனி வருகிறதென்று வாயைத் திறந்தது. ஜென்மத்தில் ஒருவரையும் அதட்டியிராத மனுஷன், பாவம், என்ன செய்வார்?

வழி சொன்னவள் மனைவி பஞ்சம்மாள்.

“கல்லெடுத்து எறிங்க. மேல படணும். பட்டாத்தான் அது உசுரோட இருக்கும்.”

தரிசில் நின்று அழுதுகொண்டே எறிந்தார். முதல் மூன்று கல்லும் திக்குக்கு ஒன்றாகப் போயின. ஒன்று பஞ்சம்மாள் காலில் விழ, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நாலாவது இறக்கையில் பட்டது. கானமயில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்தாவதும் பட்டதும் எழும்பிப் பறந்துவிட்டது. சௌடப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுமாதம் ஐயாத்துரை வெறுங்கையோடு வந்து தெருவில் நின்று ஏசினார். மனுஷத் தலை தெரிந்தால் போதுமாம், அரை மைலுக்கு முன்னாலேயே பறந்துவிடுகிறதாம். சௌடப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே தரிசுக்கு ஓடினார். தன்னை மட்டுமாவது அடையாளம் தெரியாதா என்று ஒரு நப்பாசை.

அடையாளம் தெரிந்தது. அரை மைலுக்குள் நெருங்கும்வரைகூடப் பொறுக்காமல், அவர் வரப்பில் கால் வைத்ததுமே பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பஞ்சம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பைக் காணோம்.

“எல்லாரையும்விட என்னையக் கண்டாத்தான் அதுக்குப் பயம் சாஸ்தி.”