ஹோட்டல் விரிப்புகள்

மகள் விரிப்பின் மேல் இன்னொரு முறை தட்டினாள். "நல்லா இருக்கு. அடுத்ததை எடு."

சிட்டு எடுக்கவில்லை. மடித்த விரிப்பை ஏந்தியபடி அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு விரிப்போடு வரிசையில் நின்றார்கள். மடிக்க வேண்டிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மேஜை மேல் மலை மாதிரி கிடந்தன.

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். தூக்கத்திலேயே போனாளாம், கொடுத்துவைத்தவள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பெற்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் தகப்பன் இல்லாத, எதையும் மெதுவாகவே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவள் அம்மா. அவர்களில் இந்த நான்கு பேருக்கும் பதினெட்டு தாண்டிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் பெரியவர்களுக்கான விடுதிக்கு அனுப்பியாக வேண்டும். அந்த விடுதியை மகளும் பார்த்திருக்கிறாள். பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பயந்துதான் அம்மா நாயாய்ப் பேயாய் அலைந்து ஹோட்டலுக்கு விரிப்பு மடித்துக் கொடுக்கும் இந்த ஆர்டரைப் பிடித்தாள். இன்று மாலை ஹோட்டல் வண்டி வரும். விரிப்புகள் சரியாக இருந்தால் நான்கு பேருக்கும் அங்கேயே வேலை.

எல்லாம் செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு விரிப்பையும் அவளே கையால் தடவிப் பார்த்துத் தட்டுவாள். அந்தத் தட்டு விழுந்தால்தான் பிள்ளைகள் அடுத்ததை எடுப்பார்கள். வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்க விட்டதில்லை. சாகவே மாட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ. உனக்குப் பிறகு யார் என்று போன விடுமுறையில்கூட மகள் கேட்டாள். நீ உன் பேங்க் வேலையைப் பார் என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

தாய்மாமா எட்டிப் பார்த்தார். கூடத்தில் பிணத்தைப் போட்டுக்கொண்டு துணி மடிப்பதா, ஹோட்டலுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிடு என்றார். சொன்னால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள் மகள். போகட்டுமே, நீயா இங்கே இருக்கப்போகிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதற்குள் சிட்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அம்மாவின் கையைத் தூக்கப் பார்த்தாள். அது விறைத்துப் போயிருந்தது. விரிப்பை மெல்ல அந்தக் கைக்கு அடியில் செருகிவிட்டுக் காத்து நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். மாமா பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார்.

"விடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

சிட்டு திரும்பினாள். "அம்மா பாக்கலைக்கா."

"அம்மா இனிமே பாக்க மாட்டாங்க."

"அப்ப யாரு பாப்பாங்க?"

மகள் விரிப்பை உருவிக்கொண்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தாள். விரிப்பை மேஜையில் போட்டாள். இந்த முறை தட்டவில்லை. உள்ளங்கையை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தித் தடவினாள். நடுவில் ஏதோ நெருடியது. பிரித்துப் பார்த்தால், உள்ளே துணி கசங்கிக் கிடந்தது. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று காலையிலிருந்து இதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே கசங்கியிருக்கு. திரும்ப மடி."

சிட்டுவின் முகம் மலர்ந்தது. விரிப்பை வாரிக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் ஓடினாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

மாமா மறுபடி வந்து நின்றார். வண்டி வந்துவிட்டது என்றார்.

"எந்த வண்டி மாமா?"

"அம்மாவை எடுக்கிற வண்டிதான்."

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

அடுத்து நின்ற நெட்டையன் தன் விரிப்பை மேஜையில் வைத்தான். மகளின் கை வியர்வையில் ஈரமாக இருந்தது. உடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, விரிப்பின் மேல் வைத்தாள்.